மான் சீசனுக்கு எந்தத் தோட்டா? .243-உம் கையால் நிரப்புவதும்: கேள்வி பதில்

டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை வெள்ளைவால் மான் சீசன் பிறக்கிறது. அதற்கு முன்னால் வந்த கேள்விகள் இவை. படிக்கும் முன் ஒன்று: கூடு (பித்தளை உறை), பிரைமர் (அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடி), மருந்து (வெடிமருந்து), குண்டு நாலும் சேர்ந்தது தோட்டா. சுட்ட கூட்டில் மற்ற மூன்றையும் மறுபடி வைப்பதுதான் கையால் நிரப்புவது. .243 போன்ற எண் குண்டின் சுமார் விட்டம், அங்குலத்தில். அதில் பறந்து போவது மட்டும்தான் குண்டு. பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

செந்தில், ஆஸ்டின்: அண்ணா, மனைவி இந்த வருஷம் முதல் தடவையாக வருகிறார். ஒல்லியான உடம்பு. வீட்டில் .30-06 இருக்கிறது. உதை குறைவாக எது வாங்கலாம்?

.243 வின்செஸ்டர். 1955-இல் வந்தது, .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. எட்டு பவுண்டு துப்பாக்கியில் .30-06 சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும். .243 அதில் பாதிகூட இல்லை. 100 கிரெய்ன் (எடை அளவு) குண்டு நொடிக்கு 2960 அடி வேகத்தில் கிளம்பினால் குழல்முனையில் 1946 அடி-பவுண்டு ஆற்றல் இருக்கும். வெள்ளைவால் மானுக்கு 200 கெஜத்துக்குள் தாராளம்.

கொஞ்சம் கூடுதல் உதையைத் தாங்குவார் என்றால் 7எம்எம்-08 ரெமிங்டன் (1980) அல்லது 6.5 கிரீட்மூர் (2007). இரண்டுமே சுமார் 12 அடி-பவுண்டு. குண்டு பருமன், அதனால் மறுபக்கம் துளைத்து வெளியேறும் வாய்ப்பு அதிகம். .243-இல் குண்டு உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தத்தடம் குறைவாக விழும், புதரில் தேடுவது சிரமம்.

தோட்டாவை விட முக்கியம், தோளில் வைக்கும் கட்டையின் நீளம் (விசையிலிருந்து பின்முனைவரை). கடைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 13½ அங்குலத்துக்கு மேல் வரும். அவருக்கு 12½ போதும் என்றால் அந்த அளவில் வாங்குங்கள். நீளக் கட்டையை எட்டிப் பிடிப்பவருக்கு .243 கூட அறைவது போலத்தான் இருக்கும்.

ரமேஷ், ஹூஸ்டன்: .243-இல் 58 கிரெய்ன் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. மானுக்கு ஆகுமா?

ஆகாது. அது நரி, அணில் வகைக்குச் செய்த மெல்லிய உறைக் குண்டு. தோள்பட்டை எலும்பில் பட்டதும் மேலேயே சிதறும், மான் காயத்தோடு ஓடும். 85 முதல் 100 கிரெய்னுக்குள், மானுக்கென்று செய்ததாகப் பாருங்கள்: நோஸ்லர் பார்ட்டிஷன், ஹார்னடி இன்டர்லாக். முழுச் செம்பு என்றால் பார்ன்ஸ் 80 கிரெய்ன்.

கார்த்திக், டல்லாஸ்: 100 கிரெய்ன் குண்டுக்கு 4350 மருந்து எத்தனை கிரெய்ன் போடலாம்?

எண் என்னிடம் கேட்காதீர்கள். எச்4350 ஒன்று, ஐஎம்ஆர் 4350 வேறொன்று. பெயரில் எண் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றல்ல. மருந்து நிறுவனத்தின் இந்த வருஷத்து மேனுவலைத் திறந்து, உங்கள் குண்டுக்கு எழுதிய தொடக்க அளவிலிருந்து அரை அரை கிரெய்னாக ஏறுங்கள். தொடக்க அளவு தராமல் உச்சம் மட்டும் தந்திருந்தால் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள்.

அனிதா, சான் அன்டோனியோ: பிரஸ் (தோட்டா நிரப்பும் கருவி) வாங்கிவிட்டேன். சுட்ட கூடுகளை எந்த வரிசையில் தயார் செய்வது?

முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தில் விரிசல், அடியிலிருந்து கொஞ்சம் மேலே பளபளப்பான வளையம், இவை இருந்தால் குப்பைக்கு. அந்த வளையம் கூடு அங்கே பிய்ந்துபோகப் போவதன் அறிகுறி. பிறகு எண்ணெய் தடவி முழு நீள டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) இறக்குங்கள். தோள்பகுதியை 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளினால் போதும். கண்மூடித்தனமாக டையை அடியோடு இறுக்கி வைப்பதால்தான் அந்த வளையமே வருகிறது.

அடுத்தது நீளம். .243 கூட்டின் உச்சம் 2.045 அங்குலம். தாண்டினால் 2.035-க்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் பிசிர் எடுங்கள். வெட்டாமல் விட்டால் கழுத்து துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் இடித்துக் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். பிரைமர் பெரிய ரைஃபிள் அளவு, கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தெரியக் கூடாது.

தராசை எடைக்கல்லால் சரிபார்த்து மருந்து போடுங்கள். எல்லாக் கூட்டுக்கும் போட்ட பிறகு டார்ச் அடித்து வரிசையாகப் பாருங்கள், மட்டம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். குண்டு ஏற்றிய முழு நீளம் 2.710 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. செம்புக் குண்டுக்கு குழல்வரிக்கு (குழலுக்குள் சுழல் பள்ளம் தொடங்கும் இடம்) முன்னால் 0.050 அங்குலம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். ஒட்டி வைத்தால் அழுத்தமும் கூடும், குறியும் சிதறும்.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. இன்னொன்று அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.

விக்னேஷ், ஆஸ்டின்: .243 எல்லாம் எதற்கு? .223-இல் நல்ல குண்டு போட்டால் மான் விழாதா?

ரமேஷ், ஹூஸ்டன்: .223-ஐ வைத்து மானைச் சுடுபவர் காயப்படுத்தத்தான் போகிறார்.

இருவரும் பாதிப் பாதி சரி. விழும். 55 கிரெய்ன் 3240 அடியில் போனால் 1282 அடி-பவுண்டு, கிட்டத்தில் நுரையீரலில் பட்டால் மான் நிற்காது. ஆனால் .223 தவறுக்கு இடம் தராது. மான் நேராகப் பக்கம் காட்டி நிற்க வேண்டும், விலா எலும்புக்குள் போக வேண்டும். சாய்ந்து நின்றால் தோளை உடைத்து உள்ளே போகிற எடை அதற்கு இல்லை. .243 அந்தச் சாய்வையும் பெரும்பாலும் மன்னிக்கும்.

விக்னேஷ்: அப்படியானால் பக்கம் காட்டும்வரை காத்திருக்கலாமே. உதையும் இல்லை, குறியும் தப்பாது.

நல்ல வாதம். காத்திருக்கத் தெரிந்தவரிடம் .223 ஆபத்தில்லை. முதல் சீசன்காரர் காத்திருக்க மாட்டார், கை நடுங்கும்போது விரல் இழுத்துவிடும். செந்தில் கேட்டது முதல் சீசன்காரருக்கு. சட்டமும் பாருங்கள்: டெக்சாஸ் மானுக்கு ரிம்ஃபயரைத்தான் (கூட்டின் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் தோட்டா) தடுக்கிறது. கொலராடோவில் .24-க்குக் கீழே கூடாது. வர்ஜினியாவில் .23. இரண்டு இடத்திலும் .223 வெளியே.

ரமேஷ்: அதைத்தான் நானும் சொன்னேன்.

நீங்கள் சொன்னது அது இல்லை.

பிரியா, சான் ஹோசே: கலிபோர்னியாவில் ஈயம் கூடாதாமே?

ஆம், 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டுதான். குழலில் பழைய படிவு இருந்தால் செம்புக்கு மாறும் முன் நன்றாகத் துடையுங்கள்.

முருகன், கோவை: நம்ம ஊர்ப் புள்ளிமானுக்கு இதே போதுமா அண்ணே?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சிறை. அடுத்த கேள்வி.

சுரேஷ், பிளேனோ: மகளுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் இலேசாக .243-ஐ நிரப்ப முடியுமா?

முடியும், நம்பகமான வழி எச்4895 மருந்து. ஹாட்ஜன் நிறுவனமே, தன் மேனுவலில் உங்கள் தோட்டாவுக்கும் குண்டுக்கும் அந்த மருந்தின் உச்ச அளவு எழுதியிருந்தால், அந்த உச்சத்தின் அறுபது சதவீத அளவுவரை (அதாவது நாற்பது சதவீதம் குறைத்து) இறங்கலாம் என்கிறது. இது எச்4895-க்கு மட்டும். ஐஎம்ஆர் 4895-க்கு இல்லை. மெதுவாக எரியும் 4350, 4831 வகைகளை இப்படிக் குறைத்தால் மருந்து சரியாகப் பற்றாமல் அழுத்தம் திடீரென்று ஏறித் துப்பாக்கியே வெடிக்கலாம்.

அறுபது சதவீதம் காகித இலக்குக்கு. மானுக்குக் கொஞ்சம் மேலே வாருங்கள். படும் இடத்தில் வேகம் 1800 அடிக்குக் கீழே போனால் பெரும்பாலான ஈயக் குண்டுகள் சரியாக விரியாது. செம்புக்கு 2000 வைத்துக்கொள்ளுங்கள். குறியும் இறங்கும், அந்த நிரப்பலுக்கென்று தனியாகத் தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

தினேஷ், ஃப்ரிஸ்கோ: 4350 எத்தனை கிரெய்ன்னு சொல்லிடுங்களேன், சும்மா ஒரு அளவு.

கார்த்திக்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜான், ஹூஸ்டன்: எந்தத் தூரத்தில் குறி வைத்துச் சரிசெய்வது?

100 கெஜத்தில் 2 அங்குலம் மேலே. 100 கிரெய்ன் குண்டுக்குச் சுமார் 225 கெஜம்வரை நேராகவே குறி பார்க்கலாம்.

மாதவன், ஆஸ்டின்: மேனுவல் உச்சத்தைவிட அரை கிரெய்ன் குறைவாகத்தான் போட்டேன். வேகம் மட்டும் புத்தகத்தைவிட அதிகம், போல்ட் (துப்பாக்கியின் பின்பூட்டு) தூக்கக் கனக்கிறது. என்ன செய்வது?

நிறுத்துங்கள். கனக்கும் போல்ட், தட்டையான பிரைமர், கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் ஊசி) தடம், எதிர்பாராத வேகம்: இவற்றில் ஒன்று வந்தாலே உங்கள் துப்பாக்கிக்கு உச்சம் தாண்டியாயிற்று. புத்தகம் என்ன சொன்னாலும் சரி. அந்தத் தொகுப்பில் மீதியுள்ளவற்றைச் சுட வேண்டாம். புல்லரால் (குண்டு கழற்றும் கருவி) குண்டுகளைக் கழற்றி மருந்தைக் கொட்டுங்கள். கூடுகளின் நீளத்தை அளந்து பாருங்கள், தராசைச் சரிபாருங்கள். பிறகு தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறுங்கள்.