அமெரிக்காவில் இன்னுமா செக் எழுதுகிறார்கள்?

கேள்வி கேட்டவரின் மகள் மேற்படிப்புக்காக அமெரிக்கா போயிருக்கிறாள். வீடு பார்த்த இடத்தில் முதல் மாத வாடகையைச் செக்காகக் கேட்டார்களாம். "எங்கள் வீட்டுச் செக் புத்தகம் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை, அங்கே இன்னுமா இது?" என்று கேட்டிருக்கிறார்.

இன்னும்தான். ஆனால் முன்போல இல்லை. 2007-ல் நான் இங்கே வந்தபோது மாதத்துக்கு ஏழெட்டுச் செக் எழுதுவேன். வாடகை, கரண்ட் பில், போன் பில், பிள்ளையின் பள்ளிக்கு என்று எல்லாமே செக்தான். இப்போது வருடத்துக்கே ஐந்தாறு தேறினால் அதிகம்.

முதல் செக்கிலேயே மூக்குடைபட்டவன் நான். செப்டம்பர் மாத வாடகைக்கு நம் பழக்கப்படி 01/09/2007 என்று தேதி போட்டுக் குடியிருப்பு அலுவலகத்தில் கொடுத்தேன். இங்கே மாதம்தான் முதலில் வரும். என் செப்டம்பர் 1 அவர்களுக்கு ஜனவரி 9. ஆறு மாதத்துக்கு மேல் பழசான செக்குக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. அங்கிருந்த அம்மா செக்கை இரண்டு விரலால் பிடித்து என் பக்கமே தள்ளிவிட்டு, "இது எட்டு மாதம் பழசு கண்ணா" என்றார். அப்புறம் அவரே பக்கத்தில் நின்று எழுதக் கற்றுக்கொடுத்தார். டாலரைச் சொற்களில் எழுதி, சென்ட்டை மட்டும் 50/100 என்று பின்னமாகப் போட வேண்டும். மீதி இடத்தில் யாரும் எதையும் நுழைக்க முடியாதபடி கடைசி வரை கோடு இழுக்க வேண்டும். எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் இருந்தால் எழுத்தில் உள்ளதுதான் செல்லும். கீழே இடது மூலையில் 'மெமோ' என்று ஒரு சின்னக் கோடு இருக்கும், அதில் வீட்டு எண்ணை எழுதிவிடு என்றார். இல்லாவிட்டால் யார் கொடுத்த வாடகை என்று அவர்தான் தேட வேண்டுமாம்.

அந்தக் காலத்தில் சூப்பர்மார்க்கெட் வரிசையிலும் செக் புத்தகத்தைத் திறப்பவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். சாமான் எல்லாம் பில் போட்டு முடியும்வரை சும்மா நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் கைப்பையில் பேனாவைத் தேடுவார்கள். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவோம். பல கடைகளில் கேஷியர் அந்தச் செக்கை இயந்திரத்தில் ஒரு முறை நுழைத்து எடுத்து, எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் இருக்கும் கணக்கு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை மின்வழியில் இழுத்துக்கொள்வார்கள், காகிதத்துக்கு அதற்கு மேல் வேலை இல்லை. இப்போது அந்தக் காட்சியும் அரிது. டார்கெட் மாதிரிப் பெரிய சங்கிலிக் கடையே 2024 ஜூலையோடு தனிநபர் செக் வாங்குவதை நிறுத்திவிட்டது.

செக்கில் மக்களுக்குப் பிடித்ததே அதன் மெத்தனம்தான் என்பது என் எண்ணம். முன்பெல்லாம் சம்பளம் வெள்ளிக்கிழமை வரும் என்றால், புதன்கிழமையே செக் எழுதிக் கொடுத்துவிடலாம். அது தபாலில் போய், வங்கிக்குப் போய், நம் கணக்கைத் தட்டுவதற்குள் சம்பளம் ஏறியிருக்கும். இந்த இடைவெளிக்கு இங்கே 'ஃப்ளோட்' என்று பெயர். கணக்கில் பணம் இல்லாமல் எழுதுவது சரியில்லைதான், ஆனால் கையைக் கடிக்கும் மாதங்களில் அதை நம்பியே குடும்பம் ஓட்டியவர்கள் நிறையப் பேர்.

அந்த இடைவெளி குறைந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதுவரை செக்குகளை மூட்டை கட்டி விமானத்தில்தான் ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் விமானம் எதுவும் பறக்கவில்லை, செக்குகள் அங்கங்கே தேங்கிப் போயின. காகிதத்தை இப்படிச் சுமந்துகொண்டிருக்க முடியாது என்று எல்லோருக்கும் உறைத்தது. 2003-ல் 'செக் 21' என்ற சட்டம் நிறைவேறி, 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. செக்கின் படத்தை அனுப்பினால் போதும், மூலக் காகிதம் வங்கி வங்கியாக அலைய வேண்டாம் என்பது அதன் சாரம். பின்னாளில் போனிலேயே செக்கைப் படம் பிடித்து டெபாசிட் செய்ய வழி பிறந்தது இதனால்தான். செக் கணக்கைத் தட்ட மூன்று நாள் ஆனது ஒரு நாளாகிவிட்டது. புதன்கிழமை எழுதிய செக் வியாழக்கிழமையே கணக்கில் வந்து நின்றால், வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை நம்பியவர் கதி என்ன? செக் திரும்பி வரும், அதற்கு வங்கி அபராதமும் போடலாம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் சரிவு தெளிவாகத் தெரியும். 2000-ல் ஏறத்தாழ 4,200 கோடி செக்குகள் எழுதப்பட்ட நாடு இது. 2021-ல் அது 1,100 கோடிச் சொச்சம். ஆனால் அந்த மிச்சச் செக்குகளின் சராசரித் தொகை 2,400 டாலருக்கு மேல். சில்லறைச் செலவெல்லாம் கார்டுக்கும் செயலிக்கும் போய்விட்டது, கனமான தொகைகள் காகிதத்திலேயே தங்கிவிட்டன.

ஏன் தங்கின? கட்டணம்தான். கார்டில் பணம் வாங்கினால் அதை வாங்கும் கடைக்காரர் தலையில் இரண்டு, மூன்று சதவீதம் விழும். காபிக் கடைக்காரர் அதைப் பொறுத்துக்கொள்வார். 8,000 டாலருக்குக் கூரை மாற்றித் தருபவருக்கு அது சுமார் 200 டாலர், அவர் ஏன் விடுவார்? வாடகைக்கும் இதே கணக்கு. பல குடியிருப்புகளில் இணையத்தில் கார்டு போட்டால் அந்தக் கட்டணத்தை நம்மிடமே கூடுதலாக வாங்குவார்கள். செக் கொடுத்தால் ஒன்றும் கிடையாது. தொழில்நுட்பத்தில் பின்தங்கியதால்தான் செக் எழுதுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. கட்டணத்தை யார் கட்டுவது என்ற இழுபறி எங்கெல்லாம் முடியவில்லையோ, அங்கெல்லாம் செக் உயிரோடு இருக்கிறது.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். என் வங்கியின் இணையதளத்தில் 'பில் பே' என்று ஒரு வசதி. யாருக்கு எவ்வளவு என்று தட்டிவிட்டால் போய்ச் சேரும். அந்த ஆள் மின்வழியில் பணம் வாங்காதவராக இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? வங்கியே ஒரு செக்கை அச்சடித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்பும். நான் போனில் அனுப்புகிறேன், அவர் போனில் படம் எடுத்து டெபாசிட் செய்கிறார், நடுவில் ஒரு காகிதம் தபால் வண்டியில் நாலு நாள் பயணம் போகிறது.

நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு வென்மோ என்ற செயலி இருக்கிறது. பெரிய வங்கிகள் சேர்ந்து 2017-ல் தொடங்கிய ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவை இருக்கிறது. மத்திய வங்கியே 2023 ஜூலையில் ஃபெட்நவ் என்ற உடனடிப் பணமாற்றத்தைத் திறந்தது. ஸெல்லில் நிமிடத்தில் பணம் போய்விடும், போனது போனதுதான். தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டால் அவர் மனது வைத்தால்தான் உண்டு. செக்கென்றால் அது கணக்கைத் தொடுவதற்குள் வங்கிக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லலாம்.

அதற்காகச் செக்கைப் பத்திரமான சாமான் என்று சொல்ல மாட்டேன். பெயர், முகவரி, வங்கியின் ஒன்பது இலக்க எண், கணக்கு எண், கையெழுத்து எல்லாம் ஒரே காகிதத்தில் பளிச்சென்று இருக்கும். தபாலில் போகும் செக்கைத் திருடி, ரசாயனத்தில் நனைத்துப் பெயரையும் தொகையையும் மட்டும் கரைத்துவிட்டு, கையெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக எழுதிக்கொள்வார்கள். செக்கைக் 'கழுவுவது' என்றே இதற்குப் பெயர். இது பெருகிவிட்டதென்று 2023 பிப்ரவரியில் நிதித்துறையில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் பிரிவு வங்கிகளை எச்சரித்தது. அரசாங்கமும் தான் அனுப்பும் செக்குகளைக் கைவிடுகிறது. 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, காகிதச் செக் அனுப்பக் கூடாது என்று அதே வருடம் மார்ச்சில் அதிபரின் உத்தரவு வந்தது.

மகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு சின்னக் கட்டு செக் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், வாடகைக்கும் முன்பணத்துக்கும் உதவும். வேலைக்குச் சேர்ந்தால் சம்பளக் கணக்கைக் காட்டக் குறுக்கே 'வாய்ட்' (செல்லாது) என்று எழுதிய செக் ஒன்று கேட்பார்கள். ஜெல் பேனாவில் எழுதட்டும், அந்த மை எளிதில் கரையாது. வாடகைச் செக்கை நேரில் கொடுப்பது நல்லது. மாதம் முதலில், நாள் அடுத்து.

என் இழுப்பறையில் இருக்கும் செக்குகளில் அச்சாகியிருப்பது இரண்டு வீட்டுக்கு முந்தைய முகவரி. போன மாதம் பிளம்பருக்கு ஒன்று எழுதினேன். பழைய முகவரியை அடித்து, மேலே புதியதைப் பொடி எழுத்தில் எழுதி, மெமோவில் 'சமையலறைக் குழாய்' என்று போட்டுக் கொடுத்தேன். மனிதர் வாங்கிக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்மேல் செக்கை வைத்து முன்னும் பின்னும் போனில் படம் எடுத்தார். அப்புறம் கையசைத்துவிட்டுக் கிளம்பினார்.