வாசகர் கேள்வி பதில்: வீட்டைப் பார்க்க வருபவருக்குப் பின்னால் அவருடைய வங்கியும் வருகிறது

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட்காரர்கள். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு ஒருமாடி வரிசை வீடு வாங்கினார்கள். அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது, அம்மாவும் போன வருடம் தவறிவிட்டார். நான் ஷா ஆலமில், தம்பி ஜொகூரில். வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. 30,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டுக் குசினியை (சமையலறையை) மாற்றினால் 260,000 கேட்கலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். சாயம் அடித்தாலே போதும் என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, சாயமும் குசினியும் இருக்கட்டும். முதலில் கெரான் (நிலப் பட்டா) எங்கே இருக்கிறது, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் நல்ல வீடுகள்கூட விற்காமல் கிடப்பதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் காரணம். வாங்க வந்தவருக்கு வீடு பிடித்துப்போய் புக்கிங் பணத்தோடு நிற்பார், லாயர் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் வீடு இன்னும் காலமானவர் பெயரில் இருக்கும். அவர் எத்தனை மாதம் காத்திருப்பார்? அடுத்த தாமானுக்குப் போய்விடுவார்.

அப்பா பெயரிலேயே இருக்கிறது, உயிலும் இல்லை என்றால், புசாக்கா கெச்சில் என்று நாம் சொல்லும் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனுப் போடுங்கள். வீடு இருக்கும் மாவட்டத்தில்தான் போட வேண்டும். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, அப்பாவைப் பெற்றவர்கள் அவருக்கு முன்பே போய்விட்டிருந்தால், அப்பா சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. இப்போது அம்மாவும் இல்லை, ஆகவே அவர் பங்குக்கும் சேர்த்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும். விசாரணைக்கு வாரிசுகளைக் கூப்பிடுவார்கள், தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கெரானைக் கையில் எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: நிரந்தர உரிமையா, 99 வருடக் குத்தகையா? குத்தகை நிலமாக இருந்து, மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று அதில் எழுதியிருந்தால், அந்த அனுமதிக்கும் சில மாதங்கள் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் விலை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வாங்குகிறவருக்கு வங்கி அதிகபட்சம் 90 விழுக்காடு கடன் தரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 எதில் என்றால், நீங்கள் சொல்லும் விலையிலோ வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பிலோ, எது குறைவோ அதில். நீங்கள் 260,000 சொல்கிறீர்கள், மதிப்பீட்டாளர் 220,000 போடுகிறார். கடன் 198,000தான் கிடைக்கும். அவர் கையிலிருந்து 62,000 போட வேண்டும். மதிப்பும் 260,000 ஆகவே வந்திருந்தால் 26,000 போதும். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு நர்ஸ், ஓர் ஆசிரியர், இவர்கள்தாம் உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர்கள். அவர்கள் கூடுதலாக 36,000 ரிங்கிட்டுக்கு எங்கே போவார்கள்? அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்று பார்க்காதீர்கள், அதே தாமானில் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச்சில் பதிவான விற்பனை விவரங்கள் இருக்கின்றன. பதிவு பெற்ற ஏஜென்ட், மதிப்பீட்டாளரிடம் வாய்மொழியாக ஒரு மதிப்பையும் கேட்டுச் சொல்வார்.

இப்போது குசினி. மாற்ற வேண்டாம். புது கேபினட் போட்டாலும் மதிப்பீட்டில் 30,000 ஏறாது. வருகிறவர் தன் விருப்பத்துக்கு எப்படியும் உடைத்துக் கட்டுவார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போதும், முதலில் கூரைக்குச் செலவழியுங்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பார்கள், பழுப்பு வட்டம் ஒன்று தெரிந்தால் பேச்சு அங்கேயே குறையும். ஒழுகலை அடைத்து, ஒரு பெரிய மழை பெய்து முடிந்தபின் சாயம் அடியுங்கள். கூரைப் பீலியில் மக்கிய இலையை வாருங்கள். கதவு நிலைகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமான்களில் இது சாதாரணம், மருந்தடித்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து வாங்குகிறவரிடம் காட்டுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு வாடை உண்டு. குளியலறைத் தரை ஓட்டையில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியதும் கால்வாய் நாற்றம் மேலே ஏறிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, சன்னல்களை ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கரண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள், கைப்பேசி வெளிச்சத்தில் வீடு பார்த்து வாங்கியவர் யாரும் கிடையாது.

எங்கள் அம்மா வீட்டை விற்கும்போது சாமி விளக்குக்கு மேலே சுவரில் இருபது வருடப் புகை, கறுப்பாக ஒரு ஆள் உயரத்துக்கு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு வெள்ளைச் சாயம் அடித்தோம், ஒரு வாரத்தில் மஞ்சளாக அதே வடிவத்தில் திரும்பி வந்தது. எண்ணெய்ச் சாயத்தில் ஒரு அடிப்பூச்சு கொடுத்த பிறகுதான் நின்றது. குசினிச் சுவருக்கும் இதே வைத்தியம்தான். அந்தச் சுவரைத் தேய்க்கும்போது எனக்குக் கை ஓடவில்லை, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நீங்களும் தம்பியும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து போய்ச் செய்யுங்கள்.

கேள்வி: முகநூலில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, 'விலை என்ன' என்று கேட்கிறார்கள், வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. (வாசகர், பீடோர்)

பதில்: நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன், சகோதரரே. விலை இல்லை, தாமான் பெயர் இல்லை, நிலத்தின் அளவு இல்லை, குத்தகையா நிரந்தர உரிமையா என்றும் இல்லை. 'அழகிய வீடு, நல்ல இடம்' என்று மட்டும் இருக்கிறது. நான்கு படத்தில் இரண்டு இரவில் எடுத்தவை, ஒன்றில் துணிக்கொடி. காலை ஒன்பது மணிக்கு, காரை வெளியே எடுத்துவிட்டு, கேட்டைத் திறந்து வைத்து வாசலை எடுங்கள். ஒவ்வோர் அறையையும் மூலையில் நின்று எடுங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்கும் ஒரு படம் போடுங்கள், மறைத்தால் சந்தேகம்தான் வரும். விளம்பரத்தைத் தமிழில் மட்டும் போடாமல் மலாயிலும் எழுதுங்கள், முடா (Mudah) என்ற இணைய விளம்பரத் தளத்திலும் போடுங்கள், வாசலில் ஓர் அட்டையும் தொங்கவிடுங்கள். தோட்டத்து டவுன்களில் வீடு பெரும்பாலும் அடுத்த தெருக்காரருடைய சொந்தக்காரருக்குத்தான் போகிறது, அவர் கண்ணில் படுவது அந்த அட்டைதான். ஆடியில் போட்டீர்கள் என்றால் நம் ஆட்கள் வர மாட்டார்கள். அதையொட்டித்தான் சீனர்களின் ஏழாம் மாதமும் வரும், அவர்களிலும் பலர் தள்ளிப்போடுவார்கள். ஆவணி பிறந்ததும் புதுப் படத்தோடு மறுபடி போடுங்கள்.

கேள்வி: 2009இல் வாங்கிய வீடு. தெரிந்த புரோக்கர் ஒருவர் 5 விழுக்காடு கேட்கிறார், புக்கிங் பணத்தையும் தானே வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். வரி வேறு கட்ட வேண்டுமா? (ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், கூலிம்)

பதில்: வேண்டாம் ஐயா, அந்தப் புரோக்கரிடம் எதுவும் கொடுக்காதீர்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வீட்டு ஏஜென்ட் வேலை செய்யலாம், கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு. அவர் கழுத்தில் ஆர்இஎன் எண் (பதிவு எண்) போட்ட அட்டை இருக்க வேண்டும், அந்த எண்ணை ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பேரப்பிள்ளையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். புக்கிங் பணம் பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ லாயர் கணக்குக்கோ போகட்டும், தனி ஆள் கைக்குப் போகவே கூடாது.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2022 ஜனவரி முதல், மலேசியக் குடிமக்கள் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் சொத்து லாப வரி கிடையாது. மூன்று வருடத்துக்குள் விற்பவருக்குத்தான் 30 விழுக்காடு. வரி இல்லாவிட்டாலும் வருமான வரி வாரியத்துக்கு 60 நாளில் விவரம் போக வேண்டும், லாயரிடம் நினைவுபடுத்துங்கள். (முதல் கேள்வி கேட்ட தங்கச்சிக்கும் சொல்கிறேன், வாரிசாக வந்த வீட்டுக்கு அப்பா வாங்கிய வருடத்திலிருந்து எண்ணக் கூடாது, கையெழுத்துக்கு முன்பே லாயரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.)

கேள்வி: வாசலில் சிமெண்ட்டில் கட்டிய சாமி மேடை இருக்கிறது. மற்ற இனத்தவர் பார்க்க வந்தால் சங்கடமாக இருக்குமோ, இப்போதே எடுத்துவிடலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இப்போது எடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் இன்னும் அங்கே குடியிருக்கிறீர்கள், விளக்கேற்றுகிறீர்கள். நம் டவுனில் எல்லா இனத்தவரும் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மேடையைக் கழுவி, காய்ந்த மாலையை எடுத்து, சுத்தமாக வைத்திருங்கள், போதும். பார்க்க வருகிறவரிடம், சாவி கொடுப்பதற்கு முன் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் போட்டபின் பொதுவாக மூன்று மாதமும் அதற்கு மேல் ஒரு மாதமும் கிடைக்கும். அதற்குள் குருக்களிடம் நாள் பார்த்து, பூசை செய்து சாமியைப் புது வீட்டுக்கு எழுந்தருளச் செய்யுங்கள். மேடையை இடிக்கிறவரிடம் அடித்தரையையும் பூசிக் கொடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், அதற்குச் சேர்த்தே கூலி பேசுங்கள்.