உங்க பொண்ணு ஏன் கேட்டுட்டு கிட்ட வர்றா?

மதுரையிலருந்து ஒரு வாசகி எழுதிருக்காங்க, வயசு 36, பேங்க் கவுன்ட்டர்ல வேலை. சும்மா இருந்தாலே மூஞ்சி உர்ருன்னு இருக்காம். மேனேஜர் கூப்ட்டு சொல்லிட்டாராம், நாத்தனார் வளைகாப்புல "அண்ணிக்கு நம்மள புடிக்கல போல"ன்னு பேச்சாம். "ஆறு வயசு பொண்ணே 'அம்மா கோவமா இருக்கியா'ன்னு கேட்டுட்டுதான் கிட்ட வருவா, அந்தளவுக்கு இருக்கு என் மூஞ்சி, ஆபீஸ்ல எப்படி சமாளிக்கிறது?"ன்னு முடிச்சிருக்காங்க.

ஏம்மா, ரெண்டு பக்க லெட்டர்ல பொண்ணுக்கு ஒரே ஒரு வரிதானா? அதுவும் உங்க மூஞ்சிக்கு சாட்சி சொல்ல?

ஆபீஸ் விஷயத்த சீக்கிரம் சொல்லிடுறேன். 2006ல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டியில வில்லிஸ், டோடோரோவ்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, முன்ன பின்ன தெரியாத முகத்த செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே இவர நம்பலாமா கூடாதான்னு ஜனங்க முடிவு பண்ணிடுறாங்க, நேரம் கூட குடுத்தாலும் முடிவு பெருசா மாறல, நாம நெனச்சது சரிதான்ங்கற நிச்சயம்தான் கூடுச்சு. வாய் ஓரம் இறங்கி புருவம் தாழ்ந்த முகம்னா அமைதியா இருந்தாலும் கோவம் மாதிரி தெரியும், அது உங்க தப்பில்ல. கஸ்டமர் வந்தா நிமிர்ந்து பாத்து "சொல்லுங்க சார்"னு நீங்களே முதல்ல பேசுங்க, நாத்தனாருக்கு நீங்களே ஒரு போன் போட்டு நலம் விசாரிங்க, போதும்.

ஆனா உங்க பொண்ணு முன்ன பின்ன தெரியாத ஆளா? பொறந்ததுலருந்து பாக்குற முகம் அது. சும்மா இருக்கறப்போ அம்மா மூஞ்சி இப்படித்தான் இருக்கும்னு அவளுக்கு தெரியாதா என்ன, தெரிஞ்சும் கேக்குறான்னா இதே முகத்தோட நீங்க சுள்ளுன்னு விழுந்த நாளும் இருக்கு, எது எந்த நாள்னு அவளுக்கு புரியல, அதான் கேட்டுட்டு வர்றா. அவ கேட்டா என்ன பதில் சொல்வீங்கன்னு நீங்க எழுதவே இல்ல பாருங்க, அதான் எனக்கு கோவம்.

1970கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கைக்குழந்தையோட கொஞ்சிட்டிருந்த அம்மாவ ரெண்டு மூணு நிமிஷம் முகத்துல எந்த அசைவும் இல்லாம குழந்தைய பாத்துட்டு இருக்க சொன்னார். குழந்தை சிரிச்சு பாக்கும், கைய நீட்டும், கத்தும், கடைசியில முகத்த திருப்பிக்கும். உங்க பொண்ணு வளந்துட்டா, வாயால கேக்குறா, கேக்குற வரைக்கும் நல்லது.

அவ கேட்டா போனை பாத்துட்டே "இல்லயே"ன்னு சொல்லாதீங்க. உக்காந்து அவ கண்ண பாத்து "இல்லடா தங்கம், அம்மாவுக்கு டயர்டு"ன்னு சொல்லுங்க, நெஜமாவே கோவம்னா யார் மேலன்னும் சொல்லுங்க, உன் மேல இல்லன்னும் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிஷம் அவளுக்குத்தான், குக்கர உங்க வீட்டுக்காரர் வைக்கட்டும், அவரும் அப்பாதான. நல்ல முகமெல்லாம் கவுன்ட்டர்ல குடுத்துட்டு மிச்சம் மீதிய பெத்த பிள்ளைக்கு குடுக்கறது எனக்கு ஒத்துக்காது.

இன்னொண்ணு, முகம் கொஞ்ச நாளாத்தான் இப்படி, கூடவே அசதி, எதுலயும் மனசு ஒட்டலன்னா தைராய்டு டெஸ்ட் எடுங்க, டாக்டர்கிட்ட மன அழுத்தம் பத்தியும் பேசுங்க.

அம்மா எப்பல்லாம் கோவமா தெரியுறேன்னு இன்னைக்கு ராத்திரியே அவகிட்ட கேளுங்க, குறுக்க பேசாதீங்க, அவ சொன்னத எனக்கு எழுதுங்க. அந்த லெட்டர்ல மேனேஜர் வேண்டாம்.