முலாம் பட்டறைத் தண்ணீரில் போகும் தங்கத்தை ஆர்.ஓ. மெஷின் பிடித்துத் தருமா?

கேள்வி: மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் சின்னதாகத் தங்க முலாம் பட்டறை நடத்துகிறேன். நகையை அலசும் தண்ணீரோடு தங்கமும் போகிறது. பழைய ஆர்.ஓ. மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஓட்டினால் தங்கம் மெம்பரேனில் தங்கிவிடுமா?

பதில்: தங்காது. தங்கம் தூளாக மிதந்தால் சாதாரண ஃபில்டரே பிடித்துவிடும். உங்கள் தண்ணீரிலோ அது சயனைடோடு சேர்ந்து முழுக்கக் கரைந்திருக்கிறது. ஒரு நானோமீட்டர்கூட வராத அந்த அயனிக்கு (மின்னூட்டம் கொண்ட நுண்துகளுக்கு), 5 மைக்ரான் துளையுள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் ஒரு தடையே இல்லை. அதைவிட நுண்ணிய துளையுள்ள அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வடிகட்டியும் அப்படித்தான்.

ஆர்.ஓ. மெம்பரேன் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் தடுத்த தங்கம் அதில் ஒட்டிக்கொண்டிருக்காது; வீட்டில் வீணென்று சாக்கடைக்கு விடுகிறோமே, அந்த ரிஜெக்ட் குழாயில்தான் வெளியே வரும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் 100 லிட்டரில் 1 கிராம் தங்கம் இருக்கிறது என்று வையுங்கள். அதை 20 லிட்டராகச் சுருக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஆகும். தங்கம் அதே 1 கிராம்தான். கூடவே சயனைடும், போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து கெட்டியாகும். அந்த உப்பே மெம்பரேனை அடைத்துவிடும். ஆக, மெம்பரேன் சுருக்கித் தரும், பிரித்துத் தராது. பெரிய ஆலைக்கு அது லாபம். உங்கள் அளவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

முதல் அலசல் தொட்டியை ஓடாத தண்ணீராக வையுங்கள். முலாம் தொட்டியிலிருந்து நகையைத் தூக்கியதும் அதன் மேலேயே சில விநாடி பிடித்து, சொட்டு வடிந்தபிறகு அதில் முக்குங்கள். ஓடும் தண்ணீர் அதற்கு அப்புறம்தான். போகிற தங்கத்தில் பெரும்பங்கு அந்த ஒரு தொட்டியிலேயே நின்றுவிடும். சூட்டில் முலாம் தொட்டி வற்றும்போது, அழுக்குச் சேராதவரை, அந்தத் தண்ணீரையே ஊற்றி நிரப்பலாம். அப்போது போர் தண்ணீரின் உப்பு முலாம் தொட்டியில் சேராமலிருக்க, அந்த அலசல் தொட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் மெஷினுக்கு அதுதான் சரியான வேலை.

அடுத்த அலசல் தண்ணீரை ஆக்டிவேட்டட் கார்பனோ அயனி மாற்று ரெசினோ நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக விடுங்கள். தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். நிரம்பியதும் அப்படியே ரிஃபைனரியிடம் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் வைத்து எரிக்க வேண்டாம்.

ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில்) கரைத்த தங்கம் வேறு கதை. அந்த அமிலமும் குளோரினும் மெம்பரேனையே தின்றுவிடும். அங்கே நைட்ரிக் அமிலத்தை நீக்கிவிட்டு சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால், தங்கம் பழுப்புத் தூளாக அடியில் இறங்கும். வடிதாளே போதும்.

ஒன்று மட்டும் கட்டாயம்: சயனைடு தண்ணீரில் ஒரு சொட்டு அமிலமும் கலக்கக் கூடாது. கிளம்பும் வாயு ஆளையே கொன்றுவிடும். இரண்டு வேலைக்கும் வாளி, புனல், கையுறை எல்லாம் தனித்தனியாக, வேறு வேறு நிறத்தில் வையுங்கள். தங்கம் எடுத்த பிறகும் தண்ணீரில் சயனைடு இருக்கும். அதை முறையாக அழிக்காமல் சாக்கடையில் விடாதீர்கள்.