முழுப்பரீட்சை லீவுக்கு முன்னால் குழந்தைகள் பிரிவு: எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடக்கூடாது

கேள்வி: சென்னையில் ஒரு கிளை நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நானும் ஒரு உதவியாளரும்தான். ஏப்ரல் வந்தாலே பள்ளிகள் வேன் வேனாகப் பிள்ளைகளைக் கூட்டி வருகின்றன. உறுப்பினர் படிவங்கள் குவிகின்றன, கோடை முகாம் நடத்தச் சொல்கிறார்கள், இருப்புச் சரிபார்ப்பும் பாக்கி. திரும்பி வந்த புத்தகங்கள் மேஜையில் மலையாகக் கிடக்கின்றன. கிழிந்தவை தனியே ஒரு அட்டைப்பெட்டி நிறைய. வீட்டுக்குப் போனால் என் மகளுக்கு ஒரு கதை படிக்கக்கூடக் குரல் எழும்புவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மேஜையில் கிடக்கும் அந்த மலையிலிருந்து தொடங்குங்கள். படிவம் ஒரு வாரம் காத்திருக்கும். பேனர் கட்டாவிட்டால் யாரும் அழப்போவதில்லை. ஆனால் திரும்பி வந்த புத்தகம் நான்கு நாள் மேஜையிலேயே கிடந்தால், அதைத் தேடி வந்த பிள்ளை வெறுங்கையோடு போகிறது. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள், வருவதை நிறுத்திவிடுவார்கள். குழந்தைகள் பிரிவில் இத்தனை வருடம் இருந்த பிறகு நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்: ஒரு புத்தகம் ஒரு பிள்ளையின் கையிலிருந்து அடுத்த பிள்ளையின் கைக்குப் போகும் வழி அடைபடக் கூடாது. மற்ற வேலைகளை அதற்குப் பின்னால் வரிசையில் நிறுத்துங்கள்.

அதற்காக ஒவ்வொன்றையும் எண் பார்த்து ரேக்கில் அடுக்க வேண்டும் என்பதில்லை. காய்கறிக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி அகலமான பிளாஸ்டிக் டிரே நான்கு வாங்குங்கள். தரையிலோ தாழ்வான பெஞ்சிலோ வையுங்கள். ‘இன்று திரும்பி வந்தவை’ என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை. இரவலைக் கழித்ததும் படப்புத்தகங்களை முகப்பு தெரிகிற மாதிரி அதில் நிறுத்திவிடுங்கள். ஒரு பிள்ளை ஆசையாகப் படித்துவிட்டுக் கொண்டுவந்த புத்தகத்துக்கு மற்ற பிள்ளைகளிடம் தனி மவுசு உண்டு. சாயங்காலம் பாருங்கள், டிரேயில் இருந்ததில் பெரும்பகுதி ரேக்குக்குப் போகாமலேயே மறுபடி வீட்டுக்குப் போயிருக்கும். மிச்சத்தை மட்டும் மறுநாள் காலை, கதவு திறக்கும் முன் அடுக்கினால் போதும். சிறு பிள்ளைகளின் படப்புத்தகங்களுக்கு 894.811 (டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண்) என்று முழு எண் பார்த்து அடுக்குவதைவிட, முதுகில் வயதுக்கு ஒரு நிறப் பொட்டு ஒட்டிவிடுவது மேல். பொட்டைப் பார்த்துப் பிள்ளைகளே திருப்பி வைப்பார்கள்.

இருப்புச் சரிபார்ப்புக்கு வருவோம். மார்ச் 31 கணக்கு முடிப்பு, ஏப்ரல் 2 சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம், ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், நடுவில் முழுப்பரீட்சை என்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகிற காலம் இது. இந்த நேரத்தில் பிரிவை மூடிவிட்டு, வாங்கிய புத்தகங்களை வரிசை எண்ணோடு பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரை விரிக்காதீர்கள். பெரியவர்கள் எடுக்கும் குறிப்பு நூல்கள், பாடநூல் ரேக்குகள் ஆகியவற்றை மட்டும் இப்போது சரிபாருங்கள். கதைப் புத்தகங்களையும் படப்புத்தகங்களையும், ஜூனில் பள்ளி திறந்து காலை நேரம் வெறிச்சோடும்போது ரேக் ரேக்காக முடித்துக்கொள்ளலாம். பாதிப் புத்தகம் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும்போது எண்ணினால் எண்ணிக்கையும் எப்படி ஒட்டும்?

இதை மேலதிகாரியிடம் வாயால் கேட்காமல், அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் இதே ஊரிலிருந்து வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். நூலகத் துறையில் அந்தப் பெயருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அதே கடிதத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: ஏப்ரல் கடைசியில் எடுக்கும் புத்தகங்களுக்கு ஜூன் இரண்டாம் வாரம் வரை தவணை. பிள்ளைகள் மே மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள். புத்தகமும் திண்டிவனத்துக்கோ திருநெல்வேலிக்கோ பாட்டி வீட்டுக்குப் போய் வரட்டுமே. தவணை தாண்டியது என்று நீங்கள் போன் மேல் போன் போடும் வேலையும் மிச்சம்.

கிழிந்தவை பெட்டிக்கு ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். முதலில் பிரியுங்கள்: தையல் விட்டவை பைண்டிங்குக்கு, பக்கம் காணாமல் போனவை கழிவுக்கு, ஒன்றிரண்டு தாள் மட்டும் கழன்றவை உங்கள் மேஜைக்கு. செல்லோடேப்பைத் தொடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் பசை கசிந்து அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் தாளும் மஞ்சளாகிவிடும். கொஞ்சம் மைதாவைக் கட்டி இல்லாமல் காய்ச்சி ஆறவையுங்கள். கழன்ற தாளின் உள்விளிம்பில் ஒரு நெல் அகலத்துக்கு, அதற்கு மேல் வேண்டாம், சின்ன பிரஷ்ஷால் தடவுங்கள். புத்தகத்தை நன்றாகத் திறந்து, தாளை மடிப்பில் ஆழமாகப் பொருத்தி, வெளிவிளிம்பு மற்ற பக்கங்களோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் நீவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து மூடி, மேலே தடித்த அகராதி ஒன்றை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பட்டர் பேப்பர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். ஒரு விஷயம் முக்கியம்: பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய பைண்டர்களின் வழக்கம். பிள்ளைகள் புத்தகத்தை வாயில் வைப்பார்கள். அது விஷம், கலக்கவே கலக்காதீர்கள். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பள்ளி வேன்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு பள்ளி. அறுபது பேர் வந்தால் முப்பது முப்பதாகத்தான் உள்ளே விட வேண்டும். டீச்சர் பிள்ளைகளோடேயே இருக்க வேண்டும், வெளியே நின்று போன் பேசக் கூடாது. இதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நூலக வரலாறெல்லாம் பேசாதீர்கள். நான் ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்தேன். கால் மணி நேரம் நான் பேசிக்கொண்டிருக்க, முதல் வரிசையில் ஒரு பையன் பக்கத்து ரேக்கிலிருந்த திமிங்கலப் படத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அவனை அப்போதே எழுப்பி அந்தப் புத்தகத்தை எடுக்க விட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் ஒரு கதை, அப்புறம் புத்தகம் எடுக்க நேரம். கதையையும் டீச்சரே வாசிக்கட்டும், உங்கள் குரல் மிஞ்சும். பிள்ளைகளுக்கும் தங்கள் டீச்சர் கதை படிப்பது ஒரு புதுமை.

கோடை முகாம் என்றால் ஓரிகாமி, ஓவியம், யோகா என்று பட்டியல் போடத் தேவையில்லை. தினமும் காலை பத்தரைக்கு வாய்விட்டு ஒரு வாசிப்பு, கத்திரி வெயில் உச்சிக்கு ஏறும் முன் பிள்ளைகள் வீடு திரும்பிவிட வேண்டும். அவ்வளவு போதும். வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாள் கேளுங்கள், மகிழ்ச்சியாக வருவார்கள்.

‘கொஞ்ச நேரத்துல வந்துடறேன் மேடம்’ என்று பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் பெற்றோரை மட்டும் சும்மா விடாதீர்கள். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று வாசலில் எழுதி வையுங்கள். மற்றவர்களிடம் போன் எண்ணும், கூட்டிப் போக வருபவரின் பெயரும் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்று சாயங்காலம் வார்த்தையே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகம் ஒன்றை எடுத்துப் போங்கள். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், கதையை அவள் சொல்லட்டும். சும்மா பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். அவள் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை போட்டு, ஒரு நாள் அவளை அழைத்து வந்து, தேதி முத்திரையை அவள் கையாலேயே குத்த விடுங்கள்.