எதால் வகுத்தாலும் மீதி 1: 4294967297 செய்யும் வேலை

கேள்வி: 4294967297 பகா எண்தானா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 என்றே வருகிறது. தப்பு நிரலிலா, எண்ணே அப்படியா? கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உங்கள் வகுத்தலில் தப்பில்லை. அந்த எண் நிரலுக்குள் போய்ச் சேரவே இல்லை, அவ்வளவுதான். உங்கள் மாறி 32 பிட் (32 இரும இலக்கங்கள்) வகையாக இருக்க வேண்டும்; அதில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் 4294967295. அதைத் தாண்டினால் எண்ணிக்கை மறுபடி 0-விலிருந்து தொடங்கும். உங்கள் எண் அதைவிட 2 கூடுதல், ஆகவே நினைவகத்தில் நிற்பது வெறும் 1. மாறியை 64 பிட் வகைக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இனி கைக்கணக்கு. இது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டிய எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் இந்த வடிவில் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருவதால், சாதாரணமாகப் பார்த்தால் 6542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு பாடு தேவையில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்டவை வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! இந்தச் சல்லடைக்கு அடிப்படை ஃபெர்மாவின் சிறிய தேற்றம். தன் கையில் இருந்த கருவியையே அவர் இங்கே பயன்படுத்தவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

641 மீதியின்றி வகுக்கும் என்பதை, நீள வகுத்தல் போடாமலே காட்டலாம். 641-ஆல் வகுக்கும்போது 640-க்குப் பதில் −1 என்று வைத்துக்கொள்ளலாம். 640 என்பது 5 × 2⁷. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, அதன் மீதி 1. அப்புறம் 5⁴ = 625 = 641 − 16, அதாவது அதன் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-இன் மீதி 1, எனவே 2³²-க்குப் பதில் −1. அதோடு 1 கூட்டினால் பூச்சியம்.

இன்னொரு வேடிக்கை, உங்கள் நிரலை மாட்டிவிட்ட எல்லை எண் 4294967295-இல் இருக்கிறது: 3 × 5 × 17 × 257 × 65537. மேலே சொன்ன அதே ஐந்து பகா எண்கள்! இந்த வடிவில் ஆறாவதாக ஒரு பகா எண் இதுவரை அகப்படவில்லை.

64 பிட்டுக்கு மாற்றிய பின், 2-இலிருந்து ஏறிவரும் நிரல் 641-இல் நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால் வேறெங்கோ பிழை இருக்கிறது.