பழைய இராணுவ லாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றிருந்த எம்-35 ஏ2 வகை அமெரிக்க இராணுவ லாரி ஒன்றை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் முதல் நாளே கிளம்பிவிட்டது. காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கு முதலில் பெரிய டயர் போடுவதா, வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி) பொருத்துவதா?

பதில்: இரண்டும் பிறகு இருக்கட்டும், வண்டி நிற்குமா என்பதை முதலில் பாருங்கள். இந்த லாரியில் இருப்பது காற்றழுத்தத்தின் துணையோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், அதாவது ஆயில் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக். ஆறு பிரேக் டிரம்களுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களில் தள்ளும் உருளை), ஒரே ஆயில் சுற்றுதான் என்பதால், எங்கோ ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், ஒரு சக்கரத்தில்கூடப் பிரேக் பிடிக்காது. நெடுநாள் நின்ற வண்டியில் இரும்புக் குழாய் உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும்.

ஒவ்வொரு டிரம்மையும் கழற்றி, வீல் சிலிண்டரின் (பிரேக் கட்டையை டிரம்மோடு அழுத்தும் சிறு உருளையின்) ரப்பர் மூடியை ஸ்குரூடிரைவர் நுனியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரமோ பழுப்புத் தூளோ இருந்தால் அந்தச் சிலிண்டரை மாற்றிவிடுவதே நல்லது. பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் ஆயிலின் நிறத்தையும் கவனியுங்கள். அமெரிக்க இராணுவம் 1980களில் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. ஊதா நிறமாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதோடு சாதாரண டாட் 3, டாட் 4 ஆயிலைக் கலக்கக் கூடாது. சிலிக்கோன் ஆயில் நீரை உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதைப் பலர் நன்மையாக மட்டுமே சொல்வார்கள். உள்ளே புகுந்த நீர் கரையாமல் தாழ்வான இடத்தில் தேங்கி, அங்கேயே துருப்பிடிக்க வைக்கும் என்பதுதான் அதன் மறுபக்கம். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்ற வழியிருந்தால், வின்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடுங்கள்.

கேள்வி: அதே வகை லாரியில் பின்னால் உள்ள இரட்டை டயர்களை எடுத்துவிட்டு, பெரிய ஒற்றை டயர் போட நினைக்கிறேன். சரியா?

பதில்: சேற்றுக்கும் மணலுக்கும் சரியான மாற்றம். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கிப் பக்கச்சுவரைக் கிழிப்பது நின்றுவிடும். முன்சக்கரம் அழுத்திய தடத்திலேயே பின்சக்கரமும் போவதால், புதுச் சேற்றைத் தள்ளும் வேலை எஞ்சினுக்குக் குறையும். ஆனால் இரண்டு டயர் தாங்கிய எடையை இனி ஒன்று தாங்க வேண்டும் என்பதால், டயரில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள 9.00-20 டயர் ஏறத்தாழ 40 அங்குல உயரம். 395/85 ஆர்20 டயர் ஏறத்தாழ 46 அங்குலம். இந்த 15 சதவீத வித்தியாசத்தால் ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், பிரேக்கும் அதே அளவுக்குக் கூடுதலாக உழைக்கும்.

டயரை விட ரிம்மைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பழைய இராணுவ லாரிகளில் பல துண்டுகளாகப் பிரியும் ரிம்கள் சாதாரணம். காற்றுள்ள நிலையில், டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் பூட்டு வளையம் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. போல்ட்டால் இணைக்கப்படும் ரிம்களில் நட்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும்: ஒரு வரிசை சக்கரத்தை ஹப்போடு (அச்சு முனையிலுள்ள மையப் பகுதியோடு) பிணைக்கிறது, மற்றது ரிம்மின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிரிட்டிஷ் இராணுவ வண்டிகளில் இரண்டாவது வரிசைக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பது வழக்கம். ஆனால் நாலு கை மாறி, மறுவண்ணம் பூசி வந்த லாரியில் அந்த அடையாளத்தை நம்ப முடியாது. எனவே எந்த நட்டைத் தொடுவதற்கு முன்பும் வால்வின் உட்பகுதியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இரட்டை டயர் என்றால் உள் டயரிலும் அப்படியே. மீண்டும் காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். துருவால் விளிம்பு மெலிந்த வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: யூனிமோக் 404 என்ற ஜெர்மன் இராணுவ லாரி வைத்திருக்கிறேன். ஓடையைக் கடந்துவந்த பின் ஒரு சக்கரத்தின் ஹப் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறது. என்ன காரணம்?

பதில்: நீர் புகுந்துவிட்டது. இவ்வண்டியின் போர்ட்டல் ஆக்சிலில் அச்சுக் குழாய் சக்கர மையத்துக்கு மேலே அமைந்திருக்கிறது. தரையிலிருந்து அதிக உயரம் கிடைப்பது அதனால்தான். அந்த உயரத்துக்கு விலையாக ஒவ்வொரு சக்கரத்திலும் தனிப் பல்சக்கரங்களும் தனி ஆயிலும் இருக்கின்றன. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஓடைக்கரையில் சற்று ஆறவிட்டு இறங்குங்கள். அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயையும் ஹோஸ் வைத்து உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். வெளுத்த ஆயிலை உடனே வடித்து, அடியில் சேர்ந்திருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாக இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும் உலோகச் செதில் வந்தால் ஹப்பைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த ஓடையில் இதே கதை.

கேள்வி: 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ரேடியோவை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பேட்டரி எப்போதும் பாதி சார்ஜில் கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி, இரண்டும் சீக்கிரம் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: யூனிமோக்கின் பின்புறத்தில் தங்கும் அறை ஒன்றை அமைக்க விரும்புகிறேன். சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) நேரடியாக வெல்டிங் செய்தால் உறுதியாக இருக்குமல்லவா?

பதில்: அறை உறுதியாக இருக்கும், சேஸிஸ் விரிசல் விடும். இந்தச் சட்டம் முறுக்கிக்கொள்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மேட்டில் ஒரு சக்கரமும் பள்ளத்தில் எதிர்மூலைச் சக்கரமும் நிற்கும்போது நான்கும் தரையை விடாமல் பிடிப்பதில் அந்த முறுக்கத்துக்கும் பங்கு உண்டு. விறைப்பான பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினால், முறுக்கம் முழுவதும் கேபினுக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் குவிந்து அங்கேயே முறிக்கும். பெட்டிக்குத் தனியாக ஓர் உபசட்டம் செய்து, ஒரு முனையில் இரண்டு இடத்திலும் மறுமுனையில் நடுவே ஒரு சுழல்மூட்டிலும் தாங்குங்கள். துளையிட நேர்ந்தால் சட்டத்தின் செங்குத்துப் பக்கத்தில் இடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். 404-இன் சுமைத்திறன் ஏறத்தாழ 1.5 டன் மட்டுமே; தண்ணீர்த் தொட்டி, உபரி டயர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், வரைபடம் போடும் முன்பே வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை பார்த்துவிடுங்கள்.